மாப்பிள்ளை, எறக்குங்க!

என் தம்பியைப் பம்பரம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. பம்பரமாவது சுற்றி முடித்ததும் தலை சாய்ந்து படுத்துக்கொள்ளும். இவன் படுப்பேனா என்பான். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய்க் குழாய் இறுக்கி மூடியிருக்கிறதா என்று பார்ப்பான். நான் துணி காயப்போடக் கட்டிய கொடியை அவிழ்த்து, தன் முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நகருவான். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருவான். "உக்கார்றா, காலுல சக்கரமா கட்டியிருக்கு?" என்று கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. பார்க்கிற வேலை அப்படி. கடலை ஒட்டிய ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் பயணிகள் படகில் அவன் கயிற்றுக்காரன். படகில் வேலை செய்பவர்கள் இரண்டே பேர். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று சக்கரம் பிடிப்பவர் டிரைவர். கீழே முன்பக்கத்தில் கயிறும் தலகாணியும் என் தம்பியின் பொறுப்பு. நான் இக்கரையில் டிக்கெட் கூண்டில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பவள். என் ஜன்னல் நேராகப் படகுத்துறையைப் பார்த்திருக்கும். படகு வந்து அணையும் ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே பார்க்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

தலகாணி என்றால் தூங்குகிற தலகாணி இல்லை. படகு மேடையில் மோதி நசுங்காமல் இருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் தடித்த ரப்பர் உருளை. ஆபீஸ்காரர்கள் ஃபெண்டர் என்பார்கள். படகில் அந்தப் பெயரை ஒருத்தரும் மதிப்பதில்லை. அதைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாக உட்கார வேண்டியதுதானே என்று நானும் ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். முடியாதாம். துறைக்கு வரும் வழியில் இரண்டு பக்கமும் மரத்தூண்கள் நட்டிருக்கின்றன. தலகாணி வெளியே தொங்கினால் தூணில் மாட்டிக் கயிற்றோடு பிய்ந்துபோகும். அதனால் தூண்களைத் தாண்டும்வரை உள்ளே தூக்கி வைத்திருந்து, தாண்டியதும் சட்டென்று வெளியே இறக்க வேண்டும்.

எந்தப் பக்கம் இறக்குவது என்பதும் முன்கூட்டித் தெரியாது. எங்கள் துறை ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கான்கிரீட் மேடை. அதன் இந்தப் பக்கமும் அணையலாம், அந்தப் பக்கமும் அணையலாம். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கடைசி நேரத்தில்தான் டிரைவர் முடிவு செய்வார். எவ்வளவு தாழ்வாகத் தொங்க வேண்டும் என்பது வேளைக்கு வேளை மாறும். நீர் வற்றியிருக்கும்போது, நீர் ஏறியிருந்த நேரத்தில் போட்ட அளவுக்கே போட்டால் தலகாணி எதற்கும் உதவாமல் மேடைக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும். படகின் விளிம்பு நேராகப் போய்க் கான்கிரீட்டில் இடிக்கும். படகின் ஓரக் கம்பியில் இரண்டு சுற்று, ஒரு சொருகு, ஓர் இழுப்பு. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிய வேண்டும்.

முடியாவிட்டால்? படகு இடித்துப் பின்னால் எகிறும். படகுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு சந்து திறக்கும். மறுபடி அலை தள்ளும்போது அந்தச் சந்து மூடும். நடுவில் யார் காலாவது இருந்தால் அந்தக் கால் அவ்வளவுதான். என் தம்பி உட்காராமல் சுற்றுவதற்குக் காரணமே அந்தச் சந்துதான். "அக்கா, அது வாயைத் தொறந்துக்கிட்டே இருக்கு, யாருடா வருவான்னு" என்பான், தட்டில் கையை வைத்துக்கொண்டே. சாப்பிடுகிற நேரத்தில் பேசுகிற பேச்சா அது? எனக்கு அப்புறம் எங்கே தொண்டையில் இறங்கும்?

அந்தக் காலத்தில் டிரைவருக்கு மைக் தேவையில்லை. "டேய் பம்பரம்! எடது! எறக்குடா!" என்று அவர் மேலேயிருந்து ஒரு சத்தம் போட்டால் என் ஜன்னல் கண்ணாடி அதிரும். தம்பி பாய்ந்துபோய் இறக்குவான். கொஞ்சம் தாமதமானாலும் போச்சு. "என்னடா, தூங்கறியா? அதுக்குத்தான் தலகாணி குடுத்தாங்களா?" என்று அடுத்த அதட்டல் வரும். பயணிகள் சிரிப்பார்கள். இவனும் சிரிப்பான். ஒன்றும் தெரியாமல் படகில் ஏறியவனுக்கு முடிச்சுப் போடுவதிலிருந்து காற்றைப் பார்ப்பதுவரை அவர்தான் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தார். அப்பாவைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவன். அந்த 'டேய்' அவனுக்குப் பிடித்திருந்தது. அதை அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த படகில் கல்யாணம் வந்து ஏறியது.

டிரைவருக்கு ஒரே மகள். எல்லோருக்கும் அவள் பாப்பா. அக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. காலையில் அப்பாவின் படகில் போவாள், சாயங்காலம் அதே படகில் வருவாள். முன்பக்கத்தில் கயிறு வைக்கிற மரப்பெட்டிதான் குழந்தையாக இருந்ததிலிருந்து அவளுடைய இடம். அவளுக்கும் இவனுக்கும் ஏதோ ஓடுகிறது என்பது கூடப் பிறந்த எனக்கு முன்னால் பயணிகளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால், பாப்பா படகில் இருக்கும் நேரத்தில் என் தம்பி உட்கார ஆரம்பித்துவிட்டானாம்! அதே மரப்பெட்டியில், இந்த ஓரத்தில். பம்பரம் உட்கார்ந்தான் என்றால் ஊர் பேசாதா?

நான்தான் போய்ப் பேசினேன். டிரைவர் யோசிக்கக்கூட இல்லை. "பம்பரத்துக்கு இல்லாத பொண்ணா? கூட்டிட்டுப் போம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

கல்யாணமும் நல்லபடியாகத்தான் நடந்தது. கெடுத்தது எங்கள் பெரியப்பா. நல்ல காரியத்தில் வாயை வைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. அத்தனை பேருக்கு நடுவில் டிரைவர் பழக்க தோஷத்தில், "டேய் பம்பரம், அந்தச் சேரை இப்படிப் போடுடா" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இந்தாங்க, இதெல்லாம் இன்னியோட நிறுத்திக்கணும். நேத்து வரைக்கும் உங்ககிட்ட வேலை பாத்த பையன். இன்னிலேருந்து உங்க வீட்டு மாப்பிள்ளை. அவனுக்கு உண்டான மரியாதையை நீங்க குடுத்தாத்தான் உங்க பொண்ணுக்கு எங்க வீட்ல உண்டானது கிடைக்கும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். "விடுங்கண்ணே, அவரு அப்படித்தான்" என்று நான் டிரைவரிடம் சொன்னேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார். ஆனால் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

கல்யாணத்துக்கு அப்புறம் முதல் நாள். படகு வருகிறது, தூண்களைத் தாண்டுகிறது. நான் டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கமான சத்தத்துக்குக் காத்திருக்கிறேன். மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை நலம் விசாரிக்கப் போனவர் பேசுவதுபோல் ஒரு குரல்.

"மாப்பிள்ளை, எடது பக்கம் கொஞ்சம் எறக்குங்க!"

படகே சிரித்தது. தம்பியின் காது சிவந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. நானும் சிரித்தேன். சிரித்து வாயை மூடுவதற்குள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜனம் மூட்டை முடிச்சோடு எழுந்து முன்பக்கம் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. படகு இன்னும் மேடையைத் தொடவே இல்லை.

எறக்குங்க. எறங்குங்க. நீங்களே சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். முதலாவது, தலகாணியை இறக்கச் சொல்வது. இரண்டாவது, பயணிகளை இறங்கச் சொல்வது. என்ஜின் போடுகிற சத்தத்தில் எந்த எழுத்து யார் காதில் விழும்? 'எறக்குடா' என்று இருந்தவரை ஒரு பயணியும் அது தனக்கு என்று நினைத்ததில்லை. டிக்கெட் வாங்கி ஏறிய ஆளை யார் 'டா' போடப் போகிறார்கள்? 'ங்க' என்று மரியாதை வந்ததும், நம்மைத்தான் சொல்கிறார் என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் தம்பிக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நிம்மதியும் போயிற்று. ஒரு கையால் தலகாணியை இறக்குவான், மறு கையால் ஜனத்தைத் தடுப்பான். "இன்னும் வரலைங்க, இருங்க, இருங்க" என்று கத்துவான். மேலேயிருந்து அவர் "எறக்குங்க" என்பார், கீழே இவன் "இருங்க" என்பான். எதைக் கேட்பது என்று தெரியாமல் ஜனம் முன்னும் பின்னும் ஆடும்.

போகிற போக்கு சரியில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. தையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மூட்டை மறைத்ததில் கீழே கால் வைக்கும் இடம் தெரியவில்லை. "எறக்குங்க" என்ற குரல் கேட்டதும் அவர் பாட்டுக்குக் காலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். தம்பி கயிற்றை விட்டுவிட்டு அவரை இடுப்போடு பிடித்து உள்ளே இழுத்தான். படகு வெறுமனே போய் மேடையில் இடித்த சத்தத்தில் என் மேஜைமேல் இருந்த சில்லறை குதித்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எறங்குங்கன்னு சொன்னாங்களேப்பா" என்று அந்த அம்மா கேட்டார்.

"உங்களை இல்லம்மா. தலகாணியைச் சொன்னாரு."

"தலகாணிக்கு எதுக்குப்பா இவ்வளவு மரியாதை?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அன்று மதியம் என் கூண்டுக்குள் வந்து நின்றான். என் துணிப்பையின் கயிற்றை எடுத்து முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். நான் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

ஆபீஸில் சொல்லி முன்பக்க வழிக்குக் குறுக்கே ஒரு சங்கிலி மாட்டினார்கள். படகைக் கட்டிய பிறகுதான் சங்கிலியைக் கழற்ற வேண்டும் என்று உத்தரவு. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. சங்கிலி காலைத்தானே தடுக்கும், சொல்லைத் தடுக்குமா என்றான். மாமனாரிடமே போய்க் கேட்டான்.

"மாமா, பழையபடி டேய்னே கூப்பிடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஐயையோ, என்ன மாப்பிள்ளை நீங்க!" என்று அவர் பதறிவிட்டார்.

சரி, சொல்லையாவது மாற்றுவோம் என்று பார்த்தார்கள். 'போடுங்க' என்று சொல்லலாம் என்று ஒரு ஏற்பாடு. முதல் நாளே அவர் "போடுங்க" என்றதும், கயிற்றைத்தான் சொல்கிறார் என்று தம்பி கயிற்றைத் தூக்கி வீசினான். மேடையில் நின்ற ஆபீஸ் வாட்ச்மேன் தலையில் போய் விழுந்தது. அப்புறம் மணி அடித்துப் பார்த்தார்கள். மணி கேட்டால் ஜனம் இன்னும் வேகமாக எழுந்தது. எத்தனை ஏற்பாடு செய்து என்ன? காற்று அடிக்கிற நேரத்தில் பதற்றத்தில் வாயில் வருவது பழைய சொல்தான். மரியாதை மட்டும்தான் புதிது.

வீட்டிலும் அவன் அட்டகாசம் தாங்கவில்லை. பாப்பா ஒரு நாள் என்னிடம் வந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள்.

"அண்ணி, தூக்கத்துல என் துப்பட்டாவைக் கட்டில் காலோட சேத்து முடிச்சுப் போட்டுட்டாரு. காலையில அவிழ்க்கவே முடியல. அவரே வந்துதான் அவுத்தாரு."

"திட்டுனியா?"

"எங்க திட்றது? அவரு முகத்தைப் பாத்தா பாவமா இருக்கு. அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நான் சொன்னா, உனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறாரு."

எனக்கென்ன பயம்? அவன் கல்யாணத்துக்கு அப்புறம் உறவு முறைப்படி நான் அவரை மாமா என்று கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் மாறவில்லை, நான் மாற்றவும் இல்லை. மறுநாள் அவர் டீ குடிக்க என் கூண்டுப் பக்கம் வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"டிரைவரண்ணே, உங்க மரியாதை யார் காலையாவது வாங்கிட்டுத்தான் அடங்கும்போல. பழையபடி டேய்னு கூப்பிட்டா வாய் வெந்தா போயிடும்?"

"அது நல்லா இருக்காதும்மா."

"யாருக்கு நல்லா இருக்காது? எங்க பெரியப்பாவுக்கா? அவரு இந்தப் பக்கம் எட்டிப் பாத்தே மாசக்கணக்காச்சு. அவனே கெஞ்சறான், டேய்னு கூப்பிடுங்கன்னு. இன்னும் என்ன?"

டிரைவர் காலி டம்ளரை மேஜைமேல் வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"இப்பக் கேப்பாரும்மா. ஒரு நாள் உடம்பு சரியில்லாம வருவாரு, மனசு சரியில்லாம வருவாரு. அன்னிக்கு அத்தனை ஜனத்துக்கு முன்னாடி நான் டேய்ங்கறேன். சுருக்குனு தைக்குமா தைக்காதா? அந்தக் கோவத்தை என்கிட்ட காட்ட முடியாது, நான் மாமனார். வீட்டுக்குப் போயி யார்கிட்ட காட்டுவாரு?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாரு, என் தம்பியா? ஒரு எறும்பை மிதிச்சிருக்கானா அவன்? உங்க கண்ணு முன்னாடிதானே வளந்தான்?"

"உங்க தம்பி தங்கம்தாம்மா. நான் இல்லேங்கல. ஆனா நான் பொண்ணைக் குடுத்தவன். அவ வீட்டுக் கதவு சாத்தினதுக்கு அப்புறம் உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தவள் நான். கடைசியில் டம்ளர் கழுவத் தண்ணீர்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். இதைப் போய்த் தம்பியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் மனசு உடைந்துபோவான். சொல்லாவிட்டால் அந்தச் சந்து வாயைத் திறந்துகொண்டே இருக்கும். அன்றிலிருந்து எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. படகு தூணைத் தாண்டும்போதெல்லாம் நான் ஜன்னலில் எழுந்து நிற்க ஆரம்பித்தேன். "என்னம்மா, உனக்கும் பம்பரம் ஒட்டிக்கிச்சா?" என்று டிக்கெட் வாங்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

காற்று திசை மாறி மாறி அடித்த ஒரு சாயங்காலம். நீரும் வற்றிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை என்று சீக்கிரம் விட்டுவிட்டதால் பாப்பா முந்தின நடையிலேயே வந்தாள். மரப்பெட்டிமேல் உட்கார்ந்து யாருடனோ போன் பேசிக்கொண்டிருந்தாள். சங்கிலிக்கு முன்னால்தான் அந்தப் பெட்டி. சங்கிலி பயணிகளுக்குத்தானே? டிரைவர் மகளுக்கு, கயிற்றுக்காரன் பெண்டாட்டிக்கு யார் சங்கிலி போடுவார்கள்? படகு அணைவதற்கு முன்பே முதல் ஆளாகத் துள்ளி இறங்குவது சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழக்கம் வேறு.

படகு இடது பக்கம் அணையத்தான் வந்துகொண்டிருந்தது. தம்பி இடது பக்கம் தலகாணிகளைத் தயாராக வைத்திருந்தான். தூண்களைத் தாண்டியதும் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. டிரைவர் சக்கரத்தைத் திருப்பியதில் படகு மேடைக்கு மறுபக்கம் வந்தது.

"மாப்பிள்ளை, வலது! வலது பக்கம் எறக்குங்க!"

தம்பி தலகாணிகளைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் ஓடினான். பாப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து முதல் தலகாணியைக் கம்பியில் கட்டினான். அவனுக்குப் பின்னால் பாப்பா எழுந்தாள். போனைக் காதில் வைத்தபடியே, பழக்கத்தில், காலை எடுத்து மேடையில் வைத்தாள். அந்தச் சொல்லை எந்த எழுத்தோடு அவள் கேட்டாள் என்பதைச் சொல்லவா வேண்டும்? அவளும் டிக்கெட் வாங்கிய ஜனம் மாதிரிதான் கேட்டிருக்கிறாள்.

படகு மேடையை உரசிப் பின்னால் எகிறியது. சந்து திறந்தது. ஒரு கால் மேடையில், ஒரு கால் காற்றில். பாப்பா வழுக்கி மேடை விளிம்பில் உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். ஒரு கால் சந்துக்குள் தொங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். படகு மறுபடி மேடையை நோக்கி வர ஆரம்பித்தது.

"டேய் பம்பரம்! பாப்பாடா! டேய், தலகாணியை உள்ள விடுடா, டேய்!"

என் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தம்பி மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் குரலுக்கு அவன் உடம்பு யோசிக்காமல் வேலை செய்தது. இன்னும் கட்டாமல் கையில் இருந்த இரண்டாவது தலகாணியை அப்படியே பாய்ந்து அவள் காலுக்குப் பக்கத்தில் சந்துக்குள் திணித்தான். படகு வந்து அமுக்கியது. ரப்பர் முனகிக்கொண்டு நசுங்கியது. நசுங்கி, ஒரு கால் அகலத்துக்கு இடத்தை விட்டு நின்றது. நான் எப்போது கதவைத் திறந்தேன், எப்போது ஓடினேன் என்று எனக்கே தெரியாது. பாப்பாவின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து மேடைக்கு இழுத்துப் போட்டேன். கணுக்காலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. கால் இருந்தது. விரல் எல்லாம் இருந்தது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேவினாள். நான் "ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்லடி" என்று சொல்லிக்கொண்டே அவளைவிட அதிகமாக அழுதேன்.

என்ஜின் நின்றது. டிரைவர் ஏணியில் இறங்கி வந்தார். இறங்கி என்று சொல்வதைவிட வழுக்கி என்று சொல்லலாம். மகளைப் பார்த்தார். கால் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். அவளிடம் வருவார் என்று நான் நினைத்தேன். அவர் வரவில்லை. தலகாணிக் கயிற்றை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்ற என் தம்பியின் முன்னால் போய், அத்தனை ஜனமும் பார்க்க, கையைக் கூப்பினார்.

"வாய் தவறிடுச்சு மாப்பிள்ளை. பதட்டத்துல டேய்னு வந்துடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மாமா சொல்றீங்க?"

"கோவம் இருந்தா என்னைத் திட்டிடுங்க. இங்கயே திட்டிடுங்க. வீட்டுக்குக் கொண்டு போயிடாதீங்க. பாப்பாவை ஒண்ணும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை."

என் தம்பி அசையாமல் நின்றான். அவர் என்ன சொல்கிறார் என்பது அவன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"நான் அவளை என்ன பண்ணுவேன்னு நெனச்சீங்க?" என்றான்.

டிரைவர் கூப்பிய கையை எடுக்கவில்லை.

"இத்தனை நாளா மாப்பிள்ளை, வாங்க, போங்கன்னு நீங்க கூப்பிட்டதெல்லாம்..." அவன் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். "மரியாதைன்னு நெனச்சேன் மாமா. கூச்சமா இருந்துச்சு. இருந்தாலும், சரி, நம்மளை ஒரு ஆளா மதிக்கிறாருன்னு உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்துச்சு. என்னைப் பாத்துப் பயந்துக்கிட்டா இருந்தீங்க?"

"அப்பா, கையைக் கீழ போடுங்கப்பா" என்று பாப்பா என் தோளிலிருந்து அழுதாள். "இவரு என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லப்பா."

டிரைவர் மரப்பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தார். கூப்பிய கை தானாகப் பிரிந்து முட்டிமேல் விழுந்தது.

"பொண்ணைப் பெத்தவன்டா நான்" என்றார். "உன்னைப் பாத்து இல்லடா. எந்த மகராசனுக்குக் கட்டி வச்சிருந்தாலும் பயந்துக்கிட்டுதான்டா இருந்திருப்பேன்."

'டா' போட்டதை அவர் கவனிக்கவில்லை. தம்பி கவனித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. டிரைவர் எழுந்துபோய் அந்தத் தோளில் கையை வைத்தார்.

சங்கிலிக்குப் பின்னால் நின்ற பயணிகளில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாங்க எறங்கலாமாங்க?"

"இருங்க, கயிறு கட்டலை" என்றான் தம்பி. முகத்தைத் துடைத்துக்கொண்டு கயிற்றை எடுக்கப் போனான்.